அஞ்சு சிட்டம், அஞ்சு நிறம்

போன மாசம் பேச்சுவாக்குல கைச்சாயம் போட்ட கம்பளி நூலைப் பத்தி ரெண்டு வரி எழுதிட்டேன், அவ்வளவுதான், சேலத்துல இருந்தும் ஏற்காடு மலை மேல இருந்தும் ஒரே ஸ்வெட்டர் கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. அதனால இந்த மாசம் ரோஜா செடிக்கும் வடு மாங்காய்க்கும் லீவு. ஸ்வெட்டர் மட்டும்தான்.

கேள்வி: அக்கா, ஆன்லைன்ல கைச்சாயம் போட்ட மெரினோ (நைசான ஆட்டுக் கம்பளி) நூல் அஞ்சு ஹேங்க் வாங்கினேன். ஒரே கலர் பேர், ஒரே கடை, ஒரே பார்சல்ல வந்தது. முதுகுப் பக்கம் பாதி பின்னி முடிச்சு ரெண்டாவது ஹேங்க் ஆரம்பிச்சதும் ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி நிறம் மாறிருச்சு. என்னை ஏமாத்திட்டாங்களா? (வாசகி, அஸ்தம்பட்டி)

பதில்: யாரும் ஏமாத்தலைங்க. மில்லுல சாயம் போட்ட நூல்னா ஒரே தொட்டியில கிலோ கணக்குல போட்டு எடுப்பாங்க, லேபிள்ல டை லாட் நம்பர் (ஒரே தடவையில சாயம் போட்ட தொகுதியோட எண்) ஒண்ணா இருந்தா நிறமும் ஒண்ணா இருக்கும்னு நம்பி வாங்கலாம். கைச்சாயம் அப்படி இல்ல. ஒரு பாத்திரத்துல நாலஞ்சு சிட்டம்தான் (நீங்க ஹேங்க்னு சொன்ன, வளையமா முறுக்கி வர்ற நூல் கட்டு) போடுவாங்க, அதுலயும் முதல்ல தண்ணிக்குள்ள போன சிட்டம் சாயத்தை அள்ளி குடிச்சிரும், அடியில சூடு அதிகம் மேல கம்மி, புளிப்பு எங்கே முதல்ல பட்டுச்சோ அங்கே சாயம் சட்டுனு பிடிச்சிரும். ஒரே மாவுல ஊத்தினாலும் முதல் தோசையும் கடைசி தோசையும் ஒண்ணாவா இருக்கு? அதே கதைதான். அஞ்சு சிட்டம் வாங்கினா அஞ்சு நிறம்னு மனசுல வச்சுக்கிட்டு ஆரம்பிக்கணும், நம்ம வேலை அந்த அஞ்சையும் சட்டை பூரா கலந்து விடுறது.

எப்படி கலக்கிறதுன்னா, ஒரே சமயத்துல ரெண்டு சிட்டம் வச்சு பின்னணும். முன்னும் பின்னும் திருப்பிப் பின்னுற ஸ்வெட்டர்னா முதல் நூல்ல ரெண்டு வரிசை, அடுத்த நூல்ல ரெண்டு வரிசை, இப்படியே கடைசி வரைக்கும். நூலை ஒவ்வொரு தடவையும் வெட்ட வேண்டாம், ஓரத்துலயே மேல ஏத்திக்கிட்டு போங்க, ஆனா இறுக்கி இழுக்காதீங்க, இழுத்தா அந்த ஓரம் மட்டும் சுருங்கி ஸ்வெட்டர் கோணிக்கும். வட்ட ஊசியில சுத்தி சுத்தி பின்னுறவங்க ஒரு சுத்து இது ஒரு சுத்து அதுன்னு மாத்தினா போதும். கொஞ்சம் சலிப்பான வேலைதான், ரெண்டு உருண்டையும் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும், ஒண்ணை இடது பக்கமும் ஒண்ணை வலது பக்கமும் வச்சுக்கிட்டு திரும்பறப்போ ஒரு தடவை இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம்னு திரும்புங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அஞ்சு சிட்டத்தையும் பகல் வெளிச்சத்துல, வாசல்ல, பக்கத்துல பக்கத்துல போட்டுப் பாருங்க. டியூப்லைட் வெளிச்சத்தை நம்பாதீங்க. போன்ல ஒரு போட்டோ எடுத்து கறுப்பு வெள்ளையா மாத்திப் பார்த்தா எது அடர்த்தி எது வெளிறினதுன்னு பளிச்சுனு தெரிஞ்சிரும், நிறம் கண்ணை ஏமாத்துற மாதிரி சாம்பல் ஏமாத்தாது. ரொம்ப தள்ளி நிக்கிற ஒரு சிட்டம் இருந்தா அதை கழுத்துக்கும் மணிக்கட்டு ரிப்புக்கும் (இழுத்தா விரியுற வரி வரிப் பின்னல்) கீழ் பார்டருக்கும் ஒதுக்கிருங்க, ரிப்புல நிறம் மாறினா வேணும்னு பண்ணின டிசைன்னு நினைச்சுக்குவாங்க.

இப்போ பின்னினதை என்ன செய்யறதுன்னா, என் அபிப்ராயம் பிரிச்சிருங்க. பாதி முதுகுதானே ஆயிருக்கு. மனசு வரலைன்னா கோடு விழுந்த இடத்துல இருந்து கொஞ்சம் கீழ மட்டும் பிரிச்சு, ஒரு எட்டு பத்து வரிசைக்கு பழைய நூலும் புது நூலும் மாத்தி மாத்திப் பின்னுங்க, கோடு கரைஞ்சு சாஞ்ச நிழலா ஆயிரும். முழுசும் பின்னி முடிச்சப்புறம் அடர்த்தியான நிறத்துல மொத்தமா ஒரு தடவை சாயம் போடலாம்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதுல வித்தியாசம் அடங்கும், காணாம போகாது.

கேள்வி: முறுக்கி வந்த சிட்டத்தைப் பிரிச்சு அப்படியே மடியில வச்சு பின்ன ஆரம்பிச்சேன். இப்போ அது நூலா நூடுல்ஸான்னு தெரியலை. (வாசகி, பொன்னம்மாபேட்டை)

பதில்: கண்ணு, அதை உருண்டையா சுத்திட்டுதான் ஊசியை எடுக்கணும். சிட்டத்தை வளையமா பிரிச்சு ரெண்டு நாற்காலி முதுகுல மாட்டுங்க, இல்லைன்னா வீட்டுல சும்மா டிவி பார்க்கிறவர் ரெண்டு கையையும் நீட்டச் சொல்லுங்க. பொன்னம்மாபேட்டையிலயே தறி வீடு எத்தனை இருக்கு, பட்டு சுத்துற ராட்டை இருக்கிற வீட்டுல கேட்டா அஞ்சு நிமிஷத்துல சுத்திக் கொடுத்துருவாங்க. முடிச்சு போட்டிருக்கிற கட்டு நூலை எல்லாம் சுத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வெட்டிருங்க, வளையம் விரிச்ச நிலையில இருக்கறப்போதான் வெட்டணும். இறுக்கமா சுத்தக் கூடாது, கம்பளி இழுபட்டு நிக்கும், பின்னினப்புறம் துவைச்சா அது பழைய நீளத்துக்கு சுருங்கும், உங்க அளவும் அதோட போச்சு.

கேள்வி: வணக்கம் அக்கா. நான் இன்ஜினியரிங் படிக்கிறேன், ஹாஸ்டல்ல யூடியூப் பார்த்து பின்னக் கத்துக்கிட்டேன் (கிண்டல் பண்றாங்க, பரவாயில்லை). நீலம், பச்சை, காவி மூணும் கலந்த நூல் வாங்கினேன். சிட்டமா பார்க்க அருமை. பின்னினா நெஞ்சுக்கு நடுவுல ஒரு பெரிய நீலத் திட்டு, பக்கவாட்டுல பச்சைத் திட்டு. மிலிட்டரி யூனிபார்ம் மாதிரி இருக்கு. (வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்)

பதில்: கிண்டல் பண்றவங்க ஏற்காட்டுக்கு டிசம்பர்ல டூர் வரட்டும், அப்போ பார்க்கலாம் தம்பி.

திட்டு விழறதுக்குக் காரணம் கணக்குதான், உங்களுக்கு சுலபமா புரியும். அந்த சிட்டத்தோட சுற்றளவு ஒன்றரையில இருந்து ரெண்டு மீட்டர் இருக்கும், அந்த வளையத்துல ஒரு பக்கம் நீலம் ஒரு பக்கம் பச்சை ஒரு பக்கம் காவின்னு ஊத்தியிருப்பாங்க. அப்போ நூல்ல ஒவ்வொரு ஒன்றரை ரெண்டு மீட்டருக்கும் அதே நிறங்கள் அதே வரிசையில திரும்பி வருது. உங்க ஸ்வெட்டர்ல ஒரு சுத்து பின்ன செலவாகுற நூல் அந்த நீளத்துக்கோ அதோட மடங்குக்கோ கிட்டத்துல வந்துச்சுன்னா, நீலத்துக்கு மேலயே நீலம் வந்து உட்காரும். அவ்வளவுதான் விஷயம். கண்ணி எண்ணிக்கை மாறினா படமே மாறிரும், அதனாலதான் உடம்புல ஒரு மாதிரி, அக்குள் தாண்டி குறைச்சப்புறம் ஒரு மாதிரி, கையில சன்னமா கோடு கோடான்னு வேற மாதிரி வரும்.

உடைக்கிறதுக்கு வழி, முதல்ல மேல அஸ்தம்பட்டி அம்மாவுக்கு சொன்னதுதான், ரெண்டு சிட்டம் மாத்தி மாத்தி. ரெண்டாவது சிட்டத்தை வேற நிறத்துல இருந்து ஆரம்பிச்சு விடுங்க, ரெண்டும் ஒரே இடத்துல ஒரே நிறம் தராது. அதுக்கும் அடங்கலைன்னா மாஸ் ஸ்டிச் போடுங்க, நிட்டும் பர்லும் (நேர் கண்ணியும் எதிர் கண்ணியும்) ஒண்ணு விட்டு ஒண்ணு வர்றதால நிறம் புள்ளி புள்ளியா சிதறிரும். கேபிள் (கயிறு முறுக்கின மாதிரி பின்னல்), லேஸ், பூ டிசைன் எல்லாம் இந்த மாதிரி பல நிற நூல்ல போடவே போடாதீங்க, ஆயிரம் பேர் இன்டர்நெட்ல போட்டிருக்கலாம், நான் சொல்றேன் போடாதீங்க. ராத்திரி முழுக்க கண் விழிச்சு போட்ட கேபிள் ஒண்ணு கூட வெளிய தெரியாது. கேபிளுக்கு ஒரே நிற நூல், பல நிறத்துக்கு சாதா பின்னல்.

கேள்வி: எங்க வீடு நெசவு வீடுங்க. பருத்திக்கும் பட்டுக்கும் சாயம் போடுற சரக்கு வீட்டுலயே கிடக்குது, மாமனார் இன்னமும் அவரே தோய்ப்பார். வெள்ளை கம்பளி நூல் வாங்கி நானே சாயம் போட்டா மலிவா முடியுமில்லீங்களா? அதே சாயம் செட் ஆகுமா? (வாசகி, கொண்டலாம்பட்டி)

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த மாசம் பூரா ஸ்வெட்டர் எழுதலாம்னு தோணுச்சுங்க. வெண்பட்டுக்கு புவிசார் குறியீடு வாங்கின ஊர்ல, சாயத்தைப் பத்தி கடைக்காரனை விட உங்க மாமனாருக்குத்தான் அதிகம் தெரியும். ஆனா பருத்தி கை வேற, கம்பளி கை வேற.

பருத்தி செடியில இருந்து வந்தது, பட்டும் கம்பளியும் உயிர்ல இருந்து வந்தது, புரதம். பருத்திக்கு நீங்க போடுற ரியாக்டிவ் சாயம் 1956ல ஐசிஐங்கிற பிரிட்டிஷ் கம்பெனி கொண்டு வந்த வகை, அதுக்கு சோடா வேணும், சோடா தர்ற காரத்துலதான் அது நூலோட ஒட்டும். கம்பளிக்கு காரம் ஆகவே ஆகாது, சொரசொரன்னு ஆகி நைஞ்சு போயிரும். காஸ்டிக் சோடா போடுற வேலை எல்லாம் கம்பளி பக்கமே கொண்டு வராதீங்க, சூடா இருக்கிற காஸ்டிக் தண்ணியில கம்பளி கரைஞ்சே போயிரும், நிஜமாத்தான் சொல்றேன், பாத்திரத்துல ஒண்ணும் மிஞ்சாது.

பட்டுக்குப் போடுற ஆசிட் சாயம் இருந்தா அது சரியா செட் ஆகும். ஆசிட்னதும் பயப்படாதீங்க, வினிகர் இல்லைன்னா எலுமிச்சை உப்புதான் அந்தப் புளிப்பு. நான் சொல்ற அளவு நூறு கிராம் நூலுக்கு. நூலை முதல்ல வெதுவெதுப்பான தண்ணியில ஒரு சொட்டு ஷாம்பு விட்டு அரை மணி நேரம் ஊற வைங்க, உள்ள வரைக்கும் நனையலைன்னா வெள்ளைப் புள்ளி நிக்கும் (சில பேர் அதை வேணும்னே பண்றாங்க, அது வேற). சாயப்பொடி நடுத்தர நிறத்துக்கு ஒரு கிராம் போதும், கறுப்புக்கு மூணு நாலு கிராம் வரைக்கும் போகும். பாத்திரத்துல நூல் தாராளமா நீந்துற அளவு தண்ணி, கரைச்ச சாயம், அப்புறம் நூல், மெல்ல மெல்ல சூடு ஏத்தி 85 முதல் 95 டிகிரி வரைக்கும் கொண்டு போங்க, தளதளன்னு கொதிக்க விடக் கூடாது. ஒரே சீரான நிறம் வேணும்னா எலுமிச்சை உப்பை ஒரு டீஸ்பூன் கடைசியா கொஞ்சம் கொஞ்சமா சேருங்க, மேகம் மேகமா வேணும்னா முதல்லயே போட்டுருங்க, சாயம் தொட்ட இடத்துலயே பிடிச்சுக்கும். அரை மணி நேரம் அதே சூட்டுல இருக்கட்டும். கரண்டியில கொஞ்சம் எடுத்து வெள்ளைக் கிண்ணத்துல ஊத்திப் பாருங்க, தண்ணி தெளிஞ்சிருந்தா சாயம் பூராவும் நூலுக்குள்ள போயிருச்சுன்னு அர்த்தம். அடுப்பை அணைச்சிட்டு அப்படியே ஆற விட்டுருங்க. சுடு தண்ணியில இருந்து எடுத்து பைப்புல பச்சைத் தண்ணியில காட்டி பருத்தி மாதிரி அடிச்சு அலசினீங்கன்னா நூல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கம்பளமா ஆயிரும், அதை எந்த ராட்டையாலயும் பிரிக்க முடியாது. மாமனார் கிட்ட இதை மட்டும் நாலு தடவை சொல்லுங்க, பழக்க தோஷத்துல அடிச்சிருவார்.

தண்ணியும் முக்கியம். சேலத்துல போர் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும், சுண்ணாம்புக் கரடு ஓரம் இருக்கிற ஊரு, மேக்னசைட் வெட்டி எடுக்கிற பூமி, உப்புத் தண்ணியில நிறம் மங்கி, ஒரு இடத்துல பிடிச்சு ஒரு இடத்துல பிடிக்காம வரும். மேட்டூர் தண்ணி வர்ற அன்னிக்கு ஒரு டிரம்ல பிடிச்சு வச்சுக்கிட்டு சாயம் போடுங்க, மழைத் தண்ணின்னா இன்னும் நல்லது. போர் தண்ணியில போட்டதும் மேட்டூர் தண்ணியில போட்டதும் ஒரே ஸ்வெட்டர்ல சேர்ந்துச்சுன்னா முதல் கேள்விக்கு திரும்பிப் போகணும்.

சாயம் போட்ட பாத்திரத்துல அப்புறம் சாம்பார் வைக்காதீங்க. பொடியைக் கரைக்கிறப்போ மூக்குக்கு துணி கட்டிக்கங்க, ஃபேனை நிறுத்திருங்க. ஆசிட் சாயத்துல ஒரு சௌகரியம், ஒழுங்கா போட்டா மிச்சத் தண்ணி கிட்டத்தட்ட நிறமே இல்லாம வரும். ரியாக்டிவ்ல பாதி சாயம் வரைக்கும் கூட தண்ணியோட சேர்ந்து வீணாகி அலசுறப்போ வெளிய போகும், கூடவே கிலோ கணக்குல உப்பு. திருமணிமுத்தாறு எந்தெந்த நிறத்துல ஓடிருக்குன்னு நம்மளை விட யாருக்குத் தெரியும்.

மலிவா முடியுமான்னு கேட்டீங்க. சாயம் மலிவு, வெள்ளை மெரினோ நூல்தான் விலை. முதல்ல ஒரே ஒரு சிட்டம் வாங்கிப் போட்டுப் பாருங்க.

கேள்வி: எங்க ஊர்லதான் ஆடு எக்கச்சக்கமா இருக்கே, நூலை எதுக்கு ஆஸ்திரேலியாவுல இருந்து வர்றதை வாங்கணும்? மேச்சேரி ஆட்டு முடியில நூல் நூத்து ஸ்வெட்டர் போட முடியாதா? (பள்ளி மாணவி, மேச்சேரி)

பதில்: நல்ல கேள்வி பாப்பா, ஆனா முடியாது. மேச்சேரி ஆட்டுக்கு உடம்புல இருக்கிறது குட்டையான முடி, கம்பளி கிடையாது. கறிக்கும் தோலுக்கும் பேர் போன ஆடு அது, தோல் அவ்வளவு உசத்தி. பொட்டனேரியில அதுக்குன்னே ஆராய்ச்சி நிலையம் இருக்கு, பஸ் ஏறினா உங்களுக்கு பக்கம்தான், டீச்சரைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. நம்ம தமிழ்நாட்டுல நைசான கம்பளி தர்றது நீலகிரி ஆடு, அதுக்கு ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவுல நிலையம் இருக்கு. கோயமுத்தூர் குறும்பை ஆட்டுலயும் கம்பளி உண்டு, சொரசொரப்பு, போர்வைக்கு ஆகும், கழுத்துல படுற ஸ்வெட்டருக்கு ஆகாது.

கேள்வி: கெமிக்கல் எதுவும் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். மஞ்சள், காப்பி, வெங்காயத் தோல், இப்படி வீட்டுல எஸ்டேட்ல கிடைக்கிறதை வச்சே சாயம் போட்டா நிக்குமா? (வாசகி, மஞ்சக்குட்டை, ஏற்காடு)

பதில்: மஞ்சள் நிக்காதுங்க. போட்ட அன்னிக்கு கண்ணைப் பறிக்கும், வெயில்ல நாலு நாள் காஞ்சா வெளிறிப் போயிரும். இன்னொண்ணு, ஆரத்தி தட்டுல மஞ்சளோட சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாகுது பாருங்க, துணி சோப்புல காரம் இருந்தா உங்க ஸ்வெட்டரும் துவைக்கிறப்போ அங்கங்கே செவந்து நிக்கும். அதே மஞ்சள் நிறம் வேணும்னா துலுக்க சாமந்திப் பூவைக் காய வச்சுப் போடுங்க, பூ மார்க்கெட்ல வாடினதை சும்மாவே கொடுப்பாங்க. பெரிய வெங்காயத் தோல் தேன் நிறத்துல இருந்து ஆரஞ்சு வரைக்கும் தரும், ஓட்டல்ல சொல்லி வச்சா சாக்கு நிறைய கிடைக்கும்.

ஆனா எதுவா இருந்தாலும், சாயம் நூல்ல பிடிச்சு நிக்க முதல்ல படிகாரம் கட்டணும். காஞ்ச நூலோட எடையில பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம், அதாவது நூறு கிராமுக்கு பத்து பதினஞ்சு கிராம், சுடு தண்ணியில கரைச்சு நூலைப் போட்டு கொதி வராம ஒரு மணி நேரம், ராத்திரி அதுலயே ஊறட்டும். அதுக்கப்புறம்தான் பூ, தோல் எல்லாம்.

காப்பியைப் பொறுத்த வரைக்கும், 1820கள்ல காக்பர்ன் கலெக்டர் இந்த மலைக்கு காப்பிச் செடி கொண்டு வந்த நாள்ல இருந்து குடிக்கிறதுக்குத்தான் நல்லா இருக்கு. டிகாக்‌ஷன் எடுத்த சக்கையைப் போட்டா ஒரு மாதிரி அழுக்கு வெள்ளை, கொஞ்சம் கூட்டினா மண் நிறம். அது பிடிச்சா போடுங்க, எனக்கு பிடிக்கலை. நல்ல அடர் சாம்பல் வேணும்னா கடுக்காய் தண்ணியில ஊற வச்சு, அப்புறம் துரு ஆணி ஊறின தண்ணியை ரொம்ப ரொம்ப கொஞ்சமா காட்டுங்க, நிறம் கண்ணு முன்னாடியே கறுக்கும். இரும்பு அதிகமானா கம்பளி மொடமொடன்னு ஆகி இத்துப் போகும், அதனால கை அடக்கமா இருக்கணும்.

நீலத்துக்கு அவுரி. அதுக்குப் படிகாரம் வேண்டாம், ஆனா தொட்டி வைக்கிறது தனி வித்தை, காத்து படாத தொட்டியில மூழ்கி எடுக்கிறப்போ பச்சையா வரும், காத்து பட பட நீலமாகும். அவுரி நூலைப் பின்னுறப்போ விரல் நீலமாச்சுன்னு கடிதாசி போடாதீங்க, கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்.

அப்புறம் கெமிக்கல் வேண்டாம்னு சொல்றீங்களே, படிகாரமும் கெமிக்கல்தாங்க. நல்லா அலசின ஆசிட் சாயம் தோலுக்கு ஒண்ணும் பண்ணாது. பிடிச்சிருக்குன்னு இலை தழையில போடுங்க, பயந்து போட வேண்டாம்.

கேள்வி: வெள்ளை, சிவப்பு ரெண்டும் வச்சு கழுத்தைச் சுத்தி டிசைன் போட்ட ஸ்வெட்டர் பின்னப் போறேன். சிவப்பு சாயம் போகுமான்னு பயமா இருக்கு. புதுச் சேலைக்கு கல்லுப்பு போட்டு ஊற வைக்கிற மாதிரி இதையும் உப்புத் தண்ணியில வைக்கலாமா? வினிகர்லயா? (வாசகி, சூரமங்கலம்)

பதில்: கல்லுப்பு சமாச்சாரம் எல்லா வீட்டுலயும் இருக்கு, எங்க அம்மாவும் செஞ்சாங்க. பருத்திக்கு சாயம் போடுறப்போ உப்பு நிஜமாவே வேலை செய்யும், தண்ணியில இருக்கிற சாயத்தை நூல் பக்கம் தள்ளி விடும். போட்டு முடிச்ச துணியில ஒட்டாம நிக்கிற சாயத்தை உப்பு ஒட்ட வைக்காது. கம்பளிக்கும் அதேதான். பச்சைத் தண்ணியில வினிகர் ஊத்தி ஊற வச்சாலும் பிரயோஜனம் இல்ல, புளிப்போட சூடும் சேரணும்.

பின்னுறதுக்கு முன்னாடியே சோதிச்சிருங்க. சிவப்பு நூல்ல ஒரு முழம் வெட்டி, வெள்ளை பருத்தித் துணியில சுத்தி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில ஒரு மணி நேரம் வைங்க. துணி வெள்ளையாவே இருந்தா கவலையில்ல. ரோஸ் ஆச்சுன்னா அந்த சிட்டத்தை மேல கொண்டலாம்பட்டிக்கு சொன்ன மாதிரி எலுமிச்சை உப்பு போட்டு 85 டிகிரிக்கு மேல அரை மணி நேரம் வச்சு ஆற விட்டு, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசுங்க. அதுக்கப்புறமும் விடாம போகுதுன்னா அதுல வெள்ளையோட சேர்த்துப் பின்னாதீங்க, தனியா ஒரு தொப்பி போட்டுக்கங்க. சிவப்பும், மயில் நீலமும், அடர் ஊதாவும்தான் இந்த வேலையை அதிகம் காட்டும்.

கேள்வி: என் அளவுக்கு கச்சிதமா பின்னினேன், போட்டு போட்டோ கூட எடுத்தேன். ஒரு தடவை துவைச்சு கொடியில போட்டேன், இப்போ முழங்கால் வரைக்கும் தொங்குது. கம்பளி சுருங்கும்னுதானே சொல்லுவாங்க? நூல்ல சூப்பர்வாஷ்னு போட்டிருந்துச்சு. (வாசகி, நாகலூர், ஏற்காடு)

பதில்: சாதா கம்பளி சுருங்கும், சூப்பர்வாஷ் நீளும். கம்பளி இழையில மீன் செதிள் போல சின்னச் சின்ன செதில் இருக்கு, சூட்டுலயும் கசக்கலுலயும் அதுங்க ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இறுகறதாலதான் சுருக்கமே. சூப்பர்வாஷ்ல குளோரின் வச்சு அந்த செதிலை மழுக்கி, மேல மெல்லிசா ஒரு பாலிமர் பூச்சும் பூசிருப்பாங்க. மெஷின்ல போட்டாலும் சுருங்காது, சாயமும் சட்டுனு பளிச்சுனு பிடிக்கும், அதனால கைச்சாயக்காரங்க பாதிப் பேர் இதைத்தான் வாங்குறாங்க. ஆனா இழைக்கு இழை பிடிமானம் போயிருச்சு, நனைஞ்சா வழுக்கிக்கிட்டு கீழ இறங்கிரும். நீங்க அதை ஈரத்தோட கொடியில வேற தொங்க விட்டிருக்கீங்க.

இப்போதைக்கு திரும்ப நனைச்சு, பெரிய துண்டுல வச்சு உருட்டி மிதிச்சு தண்ணியை எடுத்துட்டு, கட்டில்ல துண்டு விரிச்சு படுக்க வச்சு, கையால நீளத்தைக் குறுக்கி அகலத்தை ஒழுங்கு பண்ணி காய விடுங்க, ஓரளவுக்கு திரும்பும். ஏற்காட்டு மூடுபனியில ரெண்டு மூணு நாள் ஆகும், ஃபேன் போட்டு விடுங்க, அடுப்பு மேல கட்டித் தொங்க விடாதீங்க.

அடுத்த தடவை சாம்பிள் பின்னி அதைத் துவைச்சு காய வச்சப்புறம்தான் கண்ணி எண்ணணும். எல்லாரும் சாம்பிளைப் பின்னின கையோட ஸ்கேல் வச்சுட்டு கிளம்பிருவாங்க. துவைக்கிறதுக்கு முன்னாடி 10 செ.மீ.க்கு 22 கண்ணி இருந்தது துவைச்சப்புறம் 20 ஆச்சுன்னு வச்சுக்கங்க, 220 கண்ணி போட்ட ஸ்வெட்டர் 100 செ.மீ. சுற்றளவுன்னு நினைச்சிருப்பீங்க, வந்து நிக்கிறது 110. சாம்பிளும் உள்ளங்கை அளவு போதாது, நல்ல ரெண்டு கை அகலத்துக்குப் போடுங்க. நீளத்துக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், நீளம்தான் அதிகம் மோசம் பண்ணும்.

கேள்வி: ஒரு ஸ்வெட்டருக்கு எத்தனை சிட்டம் வாங்கணும்? (பல பேர்)

பதில்: கிராமைப் பார்க்காதீங்க, மீட்டரைப் பாருங்க. நடுத்தர உடம்புக்கு, முழுக்கை, சாதா பின்னல்னா மெல்லிசு நூல்ல 1200ல இருந்து 1500 மீட்டர், 100 கிராம் சிட்டத்துல சுமார் 400 மீட்டர் வரும், அப்போ நாலு. கொஞ்சம் தடிமனான டிகே நூல்னா சுமார் 1000ல இருந்து 1200 மீட்டர், சிட்டத்துக்கு 225 மீட்டர் கணக்குல அஞ்சு, ஆறு. இதுக்கு மேல ஒண்ணு சேர்த்தே வாங்கிருங்க. கடைசிக் கை பாதியில நூல் தீர்ந்து போய் அதே கலர் பேரைச் சொல்லி ரெண்டு மாசம் கழிச்சு ஆர்டர் பண்ணினீங்கன்னா வர்றது வேற நிறம்தான். மிஞ்சினா குழந்தைக்கு குல்லா.

கேள்வி: சேலத்து வெயில்ல வருஷத்துல ஒன்பது மாசம் ஸ்வெட்டர் பெட்டிக்குள்ளதான் இருக்கு. போன வருஷம் வச்சது ஓட்டை ஓட்டையா ஆயிருச்சு. பாச்சை உருண்டை போட்டும்! (வாசகி, செவ்வாய்ப்பேட்டை)

பதில்: துவைக்காம வச்சிருப்பீங்க. அந்துப்பூச்சியோட புழுவுக்கு கம்பளியும் பிடிக்கும், அதுல ஒட்டின வேர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் இன்னும் பிடிக்கும், ஒரே ஒரு தடவை போட்டிருந்தாலும் துவைச்சு, ஈரமே இல்லாம காய வச்சுத்தான் உள்ள வைக்கணும். மூட்டை கட்டாம ஜிப் வச்ச கவர்ல போட்டு காத்தை அமுக்கி எடுத்துட்டு மூடுங்க, கூட காஞ்ச வேப்பிலையோ வசம்புத் துண்டோ துணியில முடிஞ்சு போடலாம், அது பூச்சி அண்டுறதைக் குறைக்கலாம், ஆனா ஏற்கனவே முட்டை இருந்தா அதைக் கொல்லாது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வெளிய எடுத்து உதறி நிழல்ல கொஞ்ச நேரம் காத்தாட போடுங்க, கைச்சாயம் போட்டதை மொட்டை மாடி வெயில்ல மட்டும் போட்டுராதீங்க. ஓட்டை விழுந்ததைத் தூக்கிப் போடாதீங்க, மிச்சம் வச்ச நூல் இருந்தா அந்த இடத்துல கண்ணி எடுத்து அடைச்சிரலாம், எப்படின்னு அடுத்த மாசம் படத்தோட போடச் சொல்லிருக்கேன்.